இழுத்துக்கொண்ட கால்

போன மாதம் நஸ்ரீன் தொலைபேசியில் அழைத்தாள். என்னிடம் படித்தவள், நாகப்பட்டினத்துக்காரி. நான் ஓய்வுபெற்ற அதே நரம்பியல் துறையில் இப்போது உதவிப் பேராசிரியர்.

"மேடம், நரம்பு பாக்குற ஸ்கேன் நம்ம துறைக்கு வந்துடுச்சு. தோலுக்கு அடியில நரம்பு எவ்வளவு தடிமன்னு திரையிலயே அளந்துடலாம். இனிமே விரலால தடவிப் பாக்கறது எதுக்குன்னு பசங்க கேக்குறாங்க."

"சரி, கேக்கட்டும்."

"இன்னொண்ணும் கேக்குறாங்க மேடம். காலைத் தொடறதுக்கு முன்னாடி நோயாளிக்குப் பக்கத்துல சமமா உக்காரணும், வேற ஏதாச்சும் பேசிக்கிட்டே தொடணும்னு நீங்க எங்களைப் படுத்துவீங்களே, அது எந்தப் புத்தகத்துல இருக்குன்னு. எனக்கும் பதில் தெரியலை. துறை மலருக்கு எழுதிக் குடுங்க."

என்னை மேடையில் பேசச் சொன்னாலே எரிச்சல் வரும். எழுதச் சொன்னால் அதைவிட. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் பழக்கம் என் பெயரில் வெளிவந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. ஆனால் கட்டுரையில் இருப்பது பாதிதான். மீதி ஒரு வீட்டு வாசலில் நடந்தது. அதை எந்தச் சஞ்சிகையும் போடாது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்னுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் மருத்துவம் படித்தது, சென்னையில் நரம்பியல் மேற்படிப்பு முடித்தது எல்லாம் எல்லோருக்கும் இருக்கிற கதைதான், எங்கள் தெருவுக்கு மட்டும் அது அதிசயம். தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த பேராசிரியரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவரை நாங்கள் சுத்தியல் சார் என்போம். அவருக்கும் அது தெரியும். தசைநாணைத் தட்டிப் பார்க்கிற சிறிய சுத்தியல் எப்போதும் அவர் மேல்சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். குரலை உயர்த்த மாட்டார். நாங்கள் ஏதாவது தப்பாகச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "திரும்பப் பாரு" என்பார், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி கழல்வதைப் பார்த்தாலே நாங்கள் மறுபடி நோயாளி பக்கம் திரும்பிவிடுவோம். நோயாளியைத் தொடுமுன் வெந்நீரில் கை கழுவுவார். "குளிர்ந்த கை பட்டா தசை சுருங்கும். அப்புறம் நீ பாக்கிறது நோயை இல்லை, உன் கையை" என்பார். கூலி வேலை செய்கிறவராக இருந்தாலும் சரி, "வாங்கம்மா, உக்காருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

நரம்பைத் தொட்டுப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். செய்தித்தாளை மடித்து அடியில் ஒரு நூலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த நூல் எங்கே ஓடுகிறது என்று எங்களைச் சொல்ல வைப்பார். சரியாகச் சொன்னால் இன்னொரு தாள் கூடும். எனக்குக் கொஞ்சம் நன்றாகவே வரும். அரிசியில் கல் பொறுக்கிய விரல் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன், வெளியே சொல்ல மாட்டேன்.

அவருடைய ஆராய்ச்சி முழுவதும் தொழுநோய் நரம்பைத் தாக்குவது பற்றியது. சிலருக்குத் தோலில் தேமலே வராது. நரம்பு மட்டும் தடித்து, கையோ காலோ செயலிழக்கும். தேமல் இல்லையே என்று விட்டுவிட்டால் விரல்கள் போய்விடும். அதனால் அவர் ஒரு விதி எழுதினார். அடிபடாமல் ஒருவருக்குப் பாதம் தொங்கிப்போய், முழங்கால் பக்கத்து நரம்பும் தடித்திருந்தால், தேமல் இல்லாவிட்டாலும் தொழுநோய் என்றே எடுத்துக்கொள், நரம்பில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பு, சிகிச்சையைத் தொடங்கு. அந்த விதியால் கைகால் தப்பியவர்கள் நிறையப் பேர். பாடப்புத்தகத்தில் அது ஏறியது. பல ஊர்களில் அதை வைத்து ஆய்வுப் பட்டம் வாங்கினார்கள். டெல்டா முழுக்க முகாம்களில் அதைத்தான் பின்பற்றினார்கள்.

அஞ்சம்மாள் என்று ஒருவர் வந்தது ஒரு சித்திரை மாதத்தில். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மகள் தேன்மொழி கூட வந்திருந்தாள். வலது பாதத்தை மேலே தூக்க முடியாமல், முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்து நடந்தார். செருப்பின் முனை தரையில் உரசித் தேய்ந்திருந்தது.

"எப்படிம்மா ஆரம்பிச்சுது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"உளுந்து புடுங்கப் போயிருந்தேங்க. சாயங்காலம் எந்திரிச்சா காலு தூக்கலைங்க. மரத்துப் போயிருக்கும்னு நெனச்சேன். மறுநாளும் அப்புடியேதாங்க இருந்துச்சு."

டெல்டாவில் நெல் அறுத்த பிறகு அதே ஈரத்தில் உளுந்தும் பயறும் விளையும். பங்குனி, சித்திரையில் அதைப் பிடுங்குவார்கள். செடி குட்டை, குனிந்தால் இடுப்பு ஒடியும். அதனால் குந்தி உட்கார்ந்து, எழாமல் அப்படியே நகர்ந்து நகர்ந்து பிடுங்குவார்கள். வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டிவிடும் என்று அவசரம் வேறு. பேராசிரியர் இதைக் கேட்டுத் தலையாட்டினார். பெரும்பாலான நோயாளிகள் வேலை செய்யும்போதுதான் எதையும் முதலில் கவனிக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

கட்டிலில் படுக்க வைத்து, வெந்நீரில் கழுவிய கையோடு அவர் குனிந்தார். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு சின்ன எலும்பு முண்டு உண்டு. பாதத்தைத் தூக்க வைக்கிற நரம்பு அந்த முண்டின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே போகிறது. அவர் விரல் அங்கே போய் நின்றது. "தடிச்சிருக்கு. பாருங்க" என்று எங்களிடம் சொன்னார். ஹவுஸ் சர்ஜன்கள் ஒவ்வொருவராகத் தொட்டுத் தலையாட்டினார்கள். நானும் தொட்டேன். கயிறு மாதிரி தட்டுப்பட்டது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் ஊரில் நடந்த முகாமிலும் தொழுநோய் என்றுதான் சொல்லியிருந்தார்கள், அதுவும் கூட்டத்துக்கு நடுவில். அஞ்சம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தச் சொல் தெருவுக்குப் போய்விட்டது. தேன்மொழிக்குப் பக்கத்து ஊரில் ஒரு டிரைவர் பையனைப் பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, "ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு மேற்கொண்டு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேற்கொண்டு பேச மாட்டோம் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பையனுக்கும் தேன்மொழிக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்திருந்தது.

"எனக்கு என்ன வந்தாலும் பரவால்லைங்க. அந்தப் பேரு மட்டும் வேணாங்க" என்று அஞ்சம்மாள் என்னிடம் சொன்னார். அது மாத்திரையில் குணமாகிற நோய், தொட்டால் ஒட்டாது, மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் பாடம் நடத்தினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெயர் உண்மையாகவே வாய்த்தவர்களைத் தெரு எப்படி நடத்தும் என்று நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

அடுத்த வாரம் நரம்பில் துண்டு எடுப்பதாக முடிவாயிற்று. எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முந்தைய வருடங்களில் இதே மாதிரி தேமல் இல்லாமல் பாதம் தொங்கி வந்த பெண்களை நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் பங்குனி, சித்திரையில்தான் வந்திருந்தார்கள். தொழுநோய் பஞ்சாங்கம் பார்த்தா வரும்?

முதலில் மின்சோதனை செய்தேன். சென்னையில் பழசாகி எங்களுக்கு வந்த இயந்திரம் அது. பாதத்தின் மேலுள்ள சின்னத் தசையில் ஒரு தகட்டை ஒட்டி, நரம்பு நெடுகிலும் இடம் மாற்றி மாற்றிச் சிறிய மின்துடிப்பு கொடுத்தேன். எலும்பு முண்டுக்குக் கீழே கொடுத்தால் திரையில் அலை நன்றாக எழுந்தது. முண்டைத் தாண்டி மேலே கொடுத்தால் அலை படுத்துவிட்டது. நரம்பு அந்த ஒரு இடத்தில் நசுங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பேராசிரியரிடம் காட்டினேன்.

"தொழுநோயும் அதே இடத்துலதான் பிடிக்கும், மலர்" என்றார். என் பெயர் மலர்க்கொடி. "மெஷின் எந்த இடம்னுதான் சொல்லும். எதனாலன்னு சொல்லாது. தடிப்பு இருக்கே, அதுக்கு என்ன சொல்ற?"

இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்தேன். நானும்தானே தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது அஞ்சம்மாள் கட்டிலில் இல்லை. தாழ்வாரத்தில் தூண் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டில் வேண்டாம், தரைதான் சௌகரியம் என்றார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எந்த ஊர்ப் பக்கம் உளுந்து புடுங்கப் போனீங்க?"

சொன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

"நான் அங்க பக்கத்துலதான். எங்க அம்மாவும் உளுந்து புடுங்குவாங்க."

அவர் இட்லியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா? யாரு வீட்டுப் புள்ளை நீங்க?" அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. யார் வீட்டுக் கல்யாணம், எந்த வாய்க்கால் தூர்ந்துபோனது, தெருவில் யார் வாய் பொல்லாதது. பேசிக்கொண்டே நான் அவர் முழங்கால் பக்கம் கை வைத்தேன். நீட்டிய கால், தளர்ந்த கால்.

கயிறு இல்லை.

மெல்லிய நரம்பு ஒன்று, எல்லோருக்கும் இருப்பது போல, விரலுக்கு அடியில் நழுவியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி தேடினேன். அதற்குள் நர்ஸ், "பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வராருங்க" என்று குரல் கொடுத்தார். அஞ்சம்மாள் சட்டென்று காலை மடக்கி இழுத்துக்கொண்டார். என் விரலுக்கு அடியில் கயிறு கிண்ணென்று எழுந்து நின்றது.

அப்போதுதான் விளங்கியது. முழங்காலை மடக்குகிற தசையின் நாண் அதே எலும்பு முண்டில்தான் வந்து சேர்கிறது, நரம்பை ஒட்டியபடி. காலை இழுத்துக்கொண்டால் நாண் விறைக்கும், நரம்பும் நாணும் சேர்ந்து ஒரே கயிறாகத் தட்டுப்படும். நாணையும் நரம்பையும் குழப்பிக்கொள்ளாதே என்று பேராசிரியரே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் இது. ஆனால் தளர்ந்த காலில்தான் இரண்டையும் பிரிக்க முடியும். அவர் கைக்குத் தளர்ந்த கால் கிடைத்ததே இல்லை. பெரிய மனிதர் குனிந்து நம் காலைத் தொடுவதா? பாவம் அல்லவா? எங்கள் பெண்கள் யாராக இருந்தாலும் காலை இழுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். படுத்திருந்தாலும் இழுப்பார்கள், கொஞ்சம், தங்களுக்கே தெரியாமல். வெந்நீரில் கை கழுவி, அம்மா என்று கூப்பிட்டு அவர் எவ்வளவு மரியாதை காட்டினாரோ அவ்வளவுக்கு அவர்கள் கூசினார்கள்.

ஒரு காலை வைத்துக்கொண்டு அவரிடம் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கடைசி உளுந்து களத்தில் கிடந்தது. அம்மாவோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு நோயும் இல்லாத கால்கள்.

"டாக்டருக்குப் படிச்சிட்டு எங்க காலைப் புடிக்கவா வந்தே?" என்று ஒருத்தர் கேட்க, களமே சிரித்தது.

"ஆமாம், சித்தி. கொஞ்சம் நீட்டுங்க."

"அடிப் பாவி, நாங்க கையெடுத்துக் கும்புடுற டாக்டரம்மா நீ. உன் கையில காலைக் குடுக்கறதா?" என்று சொல்லிக்கொண்டே இழுத்துக்கொண்டார்கள். இழுத்தபோது தொட்டேன், கயிறு. கதை பேசி, கேலி பேசி, நீட்ட வைத்துத் தொட்டேன், கயிறு இல்லை. ஒவ்வொரு காலிலும் அதேதான். இத்தனை வருடத்தில் நாங்கள் நோயாளிகளின் காலை மட்டும்தான் தொட்டிருந்தோம். ஒன்றும் இல்லாதவர்களின் கால் இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. என் மீதி ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் அந்தக் களத்தில்தான் தொடங்கியது. பிற்காலத்தில் சக மருத்துவர்கள் என்னை நோயில்லாதவர்களின் டாக்டர் என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவருடைய வாழ்நாள் உழைப்பின் அடிக்கல்லில் போய்க் கை வைக்கிறேன் என்பது எனக்குத் தெரியாதா? அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"வா. திரும்பப் பாப்போம்" என்றார்.

அஞ்சம்மாள் கட்டிலில் இருந்தார். பேராசிரியர் குனிந்தார், கால் பின்வாங்கியது. "பயப்படாதீங்கம்மா, தளர்வா விடுங்க" என்றார். விட்டேன் என்று அஞ்சம்மாள் சொன்னார், ஆனால் விடவில்லை. அப்புறம் பேராசிரியர் செய்ததை அந்த வார்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அஞ்சம்மாளையும் இறங்கி உட்காரச் சொன்னார். நிலைமை மோசமாகிவிட்டது. "ஐயா, வேணாங்கய்யா, எந்திரிங்கய்யா" என்று அஞ்சம்மாள் அழவே ஆரம்பித்தார். கால் இரண்டும் புடவைக்குள் போய்விட்டன.

பேராசிரியர் கையை எடுத்துக்கொண்டார்.

"என் கைக்கு இந்தக் கால் உண்மையைச் சொல்லாது. நீ தொட்டுச் சொல்லு, மலர். நான் எழுதிக்கறேன்."

நான் அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி ஊர்க்கதையை ஆரம்பித்தேன். பேராசிரியர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அஞ்சம்மாள் கண்ணில் படாமல். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எழுதினார். இயல்பு. நழுவுகிறது. வலி இல்லை. இடது காலும் அப்படியே. துண்டு எடுப்பதை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். நாள் முழுக்கக் குந்தியதில் நசுங்கிய நரம்புதான் அது. இனிக் குந்தி உட்காரவே கூடாது என்று சொல்லி, பாதத்துக்கு ஒரு பட்டை கட்டி, பயிற்சி கொடுத்தோம். சில வாரங்களில் கட்டைவிரல் லேசாக மேலே அசைந்தது. அதைப் பார்த்த அன்று நான் வார்டிலேயே அழுதுவிட்டேன். அஞ்சம்மாள்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

கட்டுரை பிற்பாடு வெளிவந்தது. என் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பியபோது, அதைப் பரிசீலித்தவர் கேட்ட ஒரே பெரிய கேள்வி, நோயாளி ஏன் காலை இழுத்துக்கொள்ள வேண்டும், வலியா என்பது. இல்லை, மரியாதை என்று எழுதினோம். புரியவில்லை என்று திரும்பி வந்தது. கால் படுவது பாவம் என்பதை ஆங்கிலத்தில் எழுத நானும் அவரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தோம். நெல் விளைகிற வேறு நாடுகளில் இருந்தெல்லாம் விசாரித்து எழுதியவர்கள், மற்றதை விட்டுவிட்டு அந்தப் பத்தியைப் பற்றித்தான் கேட்டார்கள். அவருடைய பழைய மாணவர்கள் சிலர் மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மாநாட்டில் அவர்களை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நான் தொட்டது நரம்பை மட்டும் இல்லை. அவங்க எனக்குக் குடுத்த மரியாதையையும் சேர்த்துத் தொட்டிருக்கேன். ரெண்டையும் பிரிக்க எனக்குத் தெரியலை." விதியை அவர் தூக்கி எறியவில்லை, திருத்தினார். தேமல் இல்லாத தொழுநோய் உண்மையில் உண்டு, அவர்களையும் விட்டுவிடக் கூடாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே அவர் இன்னொரு இடத்தில் பேச வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று அஞ்சம்மாள் கிளம்பவில்லை. மகள் மூட்டையைக் கட்டிவிட்டு நின்றாள்.

"ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணுங்க" என்றார் அஞ்சம்மாள். "இல்லேன்னு நீங்க சொல்லிட்டீங்க, சந்தோசம். இங்க சொன்னா எங்க ஊருக்குக் கேக்காதுங்க. முகாம்ல எல்லாரும் இருக்கையிலதான் சொன்னாங்க. அதே மாதிரி மாப்புள்ளை வீட்டு வாசல்ல வந்து எல்லாரும் கேக்கச் சொல்லணுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் அவருடைய பழைய காரில் நாங்கள் நால்வரும் போனோம். ஆற்றில் தண்ணீர் விடாத காலம், கும்பகோணம் தாண்டியும் வழியெல்லாம் வெறும் மணல். தேன்மொழியை அவர்கள் ஊரில் இறக்கிவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, தெருப் பெண்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் வருகிறார் என்று செய்தி போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சிவகாமி நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார். அஞ்சம்மாள் பந்தலுக்கு வெளியே, வேலி ஓரமாகவே நின்றுவிட்டார். யாரும் கூப்பிடவும் இல்லை.

பேராசிரியர் எழுந்து நின்று பேசினார். "இந்தம்மாவுக்கு அந்த நோய் இல்லை. குந்தி உக்காந்து வேலை செஞ்சதுல நரம்பு நசுங்கிடுச்சு, அவ்வளவுதான். சரியாயிட்டு வருது. முகாம்ல சொன்னது தப்பு. அந்தத் தப்பு என்னோடது. அதோட இன்னொண்ணு. அந்த நோய் வந்தாலும் அது மாத்திரையில தீந்துடும். அதுக்காக யாரையும் ஒதுக்கக் கூடாது."

கடைசிப் பகுதியை யாரும் காதில் வாங்கவில்லை. முதல் பகுதியை யாரும் நம்பவில்லை. சிவகாமி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்:

"ஐயா தங்கமான மனுசருங்க. அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டு இவ்வளவு தூரம் வந்துருக்கீங்க. ஆனா நீங்க எங்கங்கய்யா தப்பா சொல்லுவீங்க? அவ்வளவு பெரிய டாக்டரு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவே இல்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வார்த்தைக்கு இருந்த மதிப்புதான் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற விடாமல் தடுத்தது. நான் ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு என்ன தோன்றியதோ, சிவகாமி பக்கம் திரும்பினார்.

"நீங்களும் உளுந்து புடுங்கப் போவீங்களாம்மா?"

"போவாம? போன மாசம் வரைக்கும் போனேங்க."

"கொஞ்சம் உக்காந்து உங்க காலைக் காட்டுங்க" என்று சொல்லி, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சிவகாமி புரியாமல் பாயில் காலை நீட்டினார். நான் முழங்காலுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். பேராசிரியர் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார்.

"ஐயையோ, சாமி!" என்று சிவகாமி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்படியே இருங்க, அசைக்காதீங்க" என்று நான் கத்தினேன். சிவகாமியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "தொட்டுப் பாருங்க. கயிறு மாதிரி இருக்கா?"

"ஆமா."

"அஞ்சம்மாக்காவுக்கும் இதேதான் இருந்துச்சு. இதைத்தான் நாங்க நோய்னு சொன்னோம்."

சிவகாமியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப எனக்கும் இருக்கா?"

"இப்பக் காலை நீட்டுங்க. எங்க போச்சு பாருங்க."

நீட்டினார். தேடினார். மறுபடி மடக்கினார், மறுபடி நீட்டினார். பக்கத்தில் இருந்த பெண் தன் முழங்காலைத் தடவ ஆரம்பித்தார். பிறகு இன்னொருவர். சற்று நேரத்தில் பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் புடவையின் மேலேயே காலை மடக்கியும் நீட்டியும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ரெண்டு பக்கமும் இருக்குடி" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவர் நடத்திய எந்த வகுப்பும் அவ்வளவு நன்றாக நடந்ததில்லை.

சிவகாமி சிரிக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வேலிப் பக்கம் போனார்.

"ஏன் சம்பந்தி அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார்.

அஞ்சம்மாள் உடனே வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் காலை எடுத்து வைத்தார். பாதம் இன்னும் முழுதாகத் தூக்கவில்லை. வாசல் கல்லில் செருப்பின் முனை இடறி முன்னால் சாய்ந்தார். சிவகாமி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து நின்ற பிறகும் அந்தக் கையை விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.